பால்பல் சொத்தையை எதனால் மூடுவது? எச்சிலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நாலரை வயதுக் குழந்தை. கீழ்த்தாடையில் இரண்டு பால் கடைவாய்ப்பற்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சொத்தை. சாப்பிட்டவுடன் பல்லிடுக்கில் உணவு மாட்டிக்கொள்கிறது. இனிப்புப் பட்டால் கூசுகிறது. இரவில் வலி இல்லை, ஈறில் சீழ்க்கொப்புளம் இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் சொத்தை, பல்லின் கடினமான மேலோடான எனாமலைத் தாண்டி, அதன் அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்குக்குள் இறங்கியிருக்கிறது. நரம்பை இன்னும் எட்டவில்லை. பல் டாக்டர் மூன்று வழிகளைச் சொல்கிறார். பல் நிறத்திலேயே அடைக்கும் கம்போசிட், பலரும் வெள்ளைச் சிமென்ட் என்று சொல்லும் கிளாஸ் அயனோமர், பல்லையே முழுதாக மூடிவிடும் ஸ்டீல் கேப். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்லி, "யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார்.

வீட்டில் பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே போகும். எது பார்க்க நன்றாக இருக்கும், எதற்கு எவ்வளவு ஆகும். "விழுந்து முளைக்கிற பல்தானே, இதற்கு இவ்வளவு செலவா?" என்று பாட்டி கேட்பதும் உண்டு. பாட்டிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் பால் கடைவாய்ப்பல் ஒன்பது முதல் பதினொரு வயதுக்குள் விழும். இரண்டாவது, பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள். நாலரை வயதுக் குழந்தைக்கு அந்தப் பற்கள் இன்னும் ஏறக்குறைய ஐந்தாறு வருடம் மெல்ல வேண்டும், அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். ஆகவே நாம் தேடுவது ஐந்தாறு வருடம் கசியாமல் நிற்கும் ஒரு மூடி.

அந்தத் தேடலில் பெற்றோர் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் பற்களோடு தினமும் வேலை செய்கிற எனக்கு, மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வர வேண்டியது அதுதான் என்று படுகிறது: இந்தக் குழந்தையின் வாயில், இந்தப் பல்லை, எத்தனை நிமிடம் எச்சில் படாமல் வைத்திருக்க முடியும்? அந்த நிமிடங்கள் தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

எச்சில் பட்டால் என்ன ஆகிறது

கம்போசிட் தானாகப் பல்லில் ஒட்டாது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் கூழை எனாமல்மேல் பதினைந்து இருபது வினாடி வைத்து, நன்றாகக் கழுவி, காற்றடித்து உலர்த்துகிறோம். பளபளப்பாக இருந்த எனாமல் மங்கிச் சுண்ணாம்பு வெள்ளையாக மாறும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் அதில் உண்டாகியிருக்கும். அதன்மேல் தடவும் பாண்ட் என்ற திரவப் பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகிவிடுகிறது. பிறகு கம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்கையும் அதே ஒளியால் இறுகச் செய்கிறோம். நம் ஊரில் பலர் இதை லேசர் அடைப்பு என்கிறார்கள். அது லேசர் இல்லை, சாதாரண நீல ஒளிதான். அமிலத்தால் எனாமலைத் தயார்செய்யும் இந்த வழியை 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் எழுதிக் காட்டினார். இன்றைய பல்நிற அடைப்புகளின் அடித்தளம் அதுதான்.

அமிலம் பட்ட எனாமல் எதையும் ஈர்க்கும் நிலையில் இருக்கிறது. பிசினுக்காகத் திறந்து வைத்த குழிகளுக்குள் எச்சிலின் புரதங்களும் அதே ஆவலோடு போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதற்கு நீண்ட நேரம் தேவையில்லை, ஒரு வினாடித் தொடர்பு போதும். காற்றடித்தால் எச்சிலில் உள்ள நீர் ஆவியாகும். புரதப் படலம் அங்கேயே காய்ந்துவிடும். தண்ணீரில் கழுவினாலும் முழுதாகப் போகாது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்: ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, பிறகுதான் ஒட்டுத்துண்டை அழுத்துவார்கள். தேய்த்த இடத்தில் நடுவே எண்ணெய் விரல் ஒருமுறை பட்டுவிட்டால், அந்த ஒட்டு அன்றைக்கு நிற்கும். காற்றுக் கசிவது பிறகுதான் தெரியும். எச்சில் பட்ட அடைப்பும் அப்படியே.

எந்தக் கட்டத்தில் எச்சில் பட்டது என்பதைப் பொறுத்து நிவாரணமும் மாறும். அமிலம் வைக்கும் முன்பு பட்டால் கவலையில்லை, கழுவி உலர்த்திவிட்டுத் தொடரலாம். அமிலத்துக்குப் பிறகு, பாண்ட் தடவும் முன்பு பட்டால் கழுவி, உலர்த்தி, மறுபடி பத்து வினாடியாவது அமிலம் வைக்க வேண்டும். பாண்ட் இறுகிய பிறகோ, கம்போசிட்டின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலோ பட்டால் கழுவி, உலர்த்தி, பாண்டைத் திரும்பத் தடவி இறுக்க வேண்டும். பஞ்சால் ஒற்றிவிட்டு அப்படியே தொடர்வது மட்டும் எந்தக் கட்டத்திலும் கூடாது. எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்து வைத்தே களைத்துப்போன நாலு வயதுக் குழந்தை, "இன்னும் ஒரு தடவை" என்றால் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது பெற்றோருக்கே தெரியும். அந்தக் களைப்பில்தான் படிகள் விடுபடுகின்றன.

ஈரம் வேறு, எச்சில் வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டென்டினில் ஒட்டும்போது சில பாண்ட் வகைகளுக்கு லேசான ஈரம் தேவைப்படுகிறது. முற்றிலும் உலர்த்தினால் பிடிப்பு குறையும். அந்த ஈரம் சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும். "ஈரத்தைத் தாங்கும்" என்று ஒரு பொருளின் பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதற்கு எச்சிலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

பால்பல்லில் இது ஏன் கூடுதல் ஆபத்து

பால்பல்லின் எனாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அடியிலுள்ள டென்டினும் மெலிது, நரம்புக்கூடத்தின் முனைகள் மேலே வெகு அருகில் நீட்டிக்கொண்டிருக்கும். அடைப்பின் விளிம்பில் ஒரு கசிவு ஏற்பட்டால், கிருமிகள் கடக்க வேண்டிய தூரம் குறைவு. பெரியவரின் பல்லில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் ஒரு விளிம்புக் கீறல், பால்பல்லில் அவ்வளவு காலம் பொறுக்காது.

இடமும் மோசமான இடம். கன்னத்துச் சுரப்பியின் வாய் மேல் கடைவாய்ப்பற்களுக்கு நேரே திறக்கிறது. தாடைக்கீழ்ச் சுரப்பியின் வாய் நாக்குக்கு அடியில், கீழ் முன்பற்களுக்குப் பின்னால். எங்கே சுரந்தாலும் எச்சில் வந்து தேங்குவது கீழ்த்தாடையில்தான். அங்கே நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்த பஞ்சு உருளையைக் குழந்தையின் நாக்கு சில நிமிடங்களில் தள்ளிவிடும். அமிலக் கூழ் ஒரு துளி நாக்கில் பட்டால் புளிக்கும். புளித்தால் எச்சில் இன்னும் ஊறும். இரண்டு பற்கள் தொடும் இடத்துச் சொத்தை என்றால் கீழ்விளிம்பு ஈறை ஒட்டியோ அதற்கும் அடியிலோ இருக்கும். அங்கே ஈறு வீங்கி, தொட்டாலே இரத்தம் கசியும். இரத்தம் எச்சிலைவிட மோசம்.

கசிவு உடனே தெரியாது என்பதுதான் இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம். அடைத்த அன்று எல்லாம் அழகாக இருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, அடைப்பின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டதைப்போல் ஒரு பழுப்பு வரி. இடுக்கில் நூல் விட்டால் நூல் பிசிறிக்கொண்டு வரும். கருவியின் கூர்முனை கீழ்விளிம்பில் ஒரு படியில் மாட்டும். அடைப்பு அப்படியே நிற்க, அடியில் மட்டும் சொத்தை வளர்ந்திருக்கும்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் முறை எளிது. பிடுங்கிய பால்பற்களில் சிலவற்றைச் சுத்தமாகவும் சிலவற்றை எச்சில் பட வைத்தும் அடைக்கிறார்கள். வாயின் சூடும் குளிரும்போல 5 டிகிரி, 55 டிகிரித் தண்ணீரில் மாற்றி மாற்றி முக்குகிறார்கள். மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தில் ஊறவைத்து, பல்லை நெடுக்காக அறுத்து, சாயம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். எச்சில் பட்டு, சரிசெய்யாமல் விட்ட அடைப்புகளில் பொதுவாகச் சாயம் ஆழமாகப் போகிறது, ஒட்டும் வலுவும் குறைகிறது. எந்த அளவுக்கு என்பது பாண்டின் வகையைப் பொறுத்து மாறுகிறது. இந்தப் படங்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்: சாயத்தின் மூலக்கூறு கிருமியைவிடப் பல மடங்கு சிறியது. சாயம் போகும் வழியெல்லாம் கிருமி போகாது. எந்தப் படியில் கவனம் வேண்டும் என்பதை இந்தச் சோதனைகள் நன்றாகக் காட்டுகின்றன. எந்த அடைப்பு எத்தனை வருடம் நிற்கும் என்பதைக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில்தான் தேட வேண்டும்.

கம்போசிட்: அழகு உண்டு, நிபந்தனையும் உண்டு

நன்றாக ஒட்டினால் கம்போசிட் நல்ல பொருள். பல் நிறம், நல்ல உறுதி, பல்லை அதிகம் குடைய வேண்டியதில்லை. ஆனால் கம்போசிட் இறுகும்போது சுருங்கும். கன அளவில் ஏறக்குறைய இரண்டு மூன்று சதவீதம். எல்லா விளிம்பும் ஒரேபோல் ஒட்டியிருந்தால் அந்த இழுப்பைத் தாங்கும். ஈறோரத்தில் மட்டும் எச்சில் பட்டுப் பிடிப்புக் குறைந்திருந்தால், சுருங்கும்போது அங்கேதான் பிரியும். அதாவது பழுதான இடத்தைப் பொருளே தேடிப் பிரித்துவிடுகிறது.

இரு பற்கள் தொடும் இடத்துச் சொத்தையைக் கம்போசிட்டால் ஒழுங்காக அடைக்க, ஒத்துழைக்கும் குழந்தைக்கே பதினைந்து இருபது நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரமும் உலர்வாக வைக்க ஒரு சரியான வழி ரப்பர் டேம்: பல் மட்டும் வெளியே தெரியும்படி துளையிட்ட மெல்லிய ரப்பர் விரிப்பு, கடைசிப் பல்லில் ஒரு சிறு கவ்வியால் நிற்கும். 1864-இல் நியூயார்க் மாநிலத்தில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் தொடங்கிவைத்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் அதைவிட நல்ல தடுப்பு வரவில்லை என்பது என் கருத்து. எச்சில் மட்டுமின்றி மூச்சின் ஈரப்பதத்தையும் அது தடுக்கிறது. கருவித்துண்டு எதுவும் தொண்டைக்குள் போகாமலும் காக்கிறது. பஞ்சு உருளையோடு ஒப்பிட்டால் ரப்பர் டேம் போட்டுச் செய்த அடைப்புகள் ஆறு மாதத்தில் குறைவாகத் தோற்கின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அதற்கான சான்று உறுதி குறைந்தது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ரப்பர் டேம் போட்டு வேலை செய்கிறவர்கள் அந்தச் சான்றுக்காகக் காத்திருக்கவில்லை. உலர்ந்த பல்லை ஒருமுறை அருகில் பார்த்துவிட்டால் பஞ்சு உருளைக்குத் திரும்ப மனம் வராது.

குழந்தைகளிடம் அதைப் போடுவது எளிதா என்றால், பழக்கமும் நேரமும் வேண்டும். கவ்வி ஈறை அழுத்துவதால் மரத்துப்போகும் ஊசி தேவைப்படலாம். இரண்டு கடைவாய்ப்பற்களுக்கும் சேர்த்து வேலை என்றால் துளைகளை இணைத்து ஒரு நீள வாயாக வெட்டிப் போடுவார்கள். சீக்கிரம் போட்டுவிடலாம், ஆனால் ஓரங்களில் கொஞ்சம் எச்சில் எட்டிப்பார்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது மூக்கு. சளி பிடித்த குழந்தைக்கும், மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டு சதை வீங்கி எப்போதும் வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கும் ரப்பர் டேம் போட முடியாது. சளி என்றால் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். எப்போதுமே வாயால்தான் மூச்சு என்றால் கம்போசிட்டை மறந்துவிட்டு அடுத்த வழியைப் பார்ப்பதே நல்லது.

ஆகவே கம்போசிட்டை விரும்பும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே: ரப்பர் டேம் போட்டுச் செய்வார்களா? ஆம் என்றால், குழந்தையும் ஒத்துழைக்கும் என்றால், தைரியமாகச் செய்துகொள்ளலாம். இப்படிப் பல்லிடுக்கில் உள்ள சொத்தையைப் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் மட்டும் வைத்துக்கொண்டு, அழும் குழந்தையின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் கம்போசிட்டால் அடைப்பதை நான் என் வீட்டுக் குழந்தைக்குச் செய்ய மாட்டேன்.

கிளாஸ் அயனோமர்: பொறுமையான சிமென்ட்

இலண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட பொருள். கண்ணாடித்தூளும் அமிலக் கரைசலும் கலந்து இறுகும் சிமென்ட். இதற்கு பாண்ட் வேண்டாம். பல்லின் கால்சியத்தோடு நேரே வேதிப்பிணைப்புக் கொள்கிறது. அதன் உடலிலேயே தண்ணீர் இருப்பதால் பல் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டியதில்லை. அதிகம் உலர்த்தினால்தான் வெடிப்பு விடும். இறுகிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடு விடும். படிகள் குறைவு, சில நிமிடங்களில் இறுகிவிடும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

எச்சில் இதையும் கெடுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மென்மையான பாலிஅக்ரிலிக் அமிலத்தால் துடைத்துச் சுத்தம்செய்த பல்மேல் எச்சில் பட்டால், கழுவித் திரும்பத் துடைக்க வேண்டும். வைத்த முதல் சில நிமிடங்களில் எச்சில் ஊறினால் மேற்பரப்பு கரைந்து மாவாகிவிடும். அதனால்தான் இறுகியவுடன் வாசலினோ வார்னிஷோ தடவுகிறோம். அதனால்தான் "ஒரு மணி நேரம் எதுவும் மெல்லக் கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். ஆனால் கேட்பது ஐந்தாறு நிமிட உலர்வு மட்டுமே. பஞ்சு உருளையால் அதைச் சமாளிக்க முடியும்.

விலையும் குறைவு. அப்படியானால் எல்லாவற்றுக்கும் இதையே வைத்துவிடலாமே என்றால், வலுதான் தடை. கெட்டியான வகை கிளாஸ் அயனோமரைக் கைக்கருவிகளால் மட்டும் சுத்தம்செய்த பால் கடைவாய்ப்பற்களில் வைத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, பல்லின் ஒரே பக்கத்தில் இருந்த அடைப்புகளில் ஏறக்குறைய 94 சதவீதம் இரண்டு வருடம் நின்றன. பல்லிடுக்கும் மெல்லும் தளமும் என இரண்டு பக்கம் பரவியவற்றில் நின்றவை சுமார் 65 சதவீதம். மெல்லும் தளத்தில் உள்ள சிறு குழிக்கு இது அருமை. நம் குழந்தையின் சொத்தை இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கிறது; அங்கே மூன்றில் ஒன்று இரண்டு வருடத்துக்குள் தோற்கலாம் என்றால், ஐந்தாறு வருடத்துக்கு அதை நம்ப முடியாது.

பிசின் கலந்து நீல ஒளியில் இறுகும் கிளாஸ் அயனோமர் வகையும் இருக்கிறது. சாதாரண வகையைவிட வலுவானது, கம்போசிட்டைவிட எச்சிலிடம் பொறுமையானது. இரு பக்கச் சொத்தை சிறியதாக இருந்து, பல் இரண்டு மூன்று வருடத்தில் விழப்போகிறது என்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். எட்டு வயதுக் குழந்தையின் பல்லில் கம்போசிட்டோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை.

பழைய வெள்ளி அடைப்பு எச்சிலைப் பெரிதாகப் பொருட்படுத்தாதது. ஒரு காலத்தில் குழந்தைகளுக்கும் அதுவே வழி. பாதரசம் இருப்பதால் 2018 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பால்பற்களுக்கும் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக அதை வைப்பதில்லை; பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா என்ற உலக உடன்படிக்கையும் அதே திசையில் போகிறது. இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்டீல் கேப்: விளிம்பையே இல்லாமல் செய்வது

1950-இல் வில்லியம் ஹம்ஃப்ரி அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து குழந்தைப் பல் மருத்துவத்தில் இருக்கிறது. முன்பே பல் வடிவில் செய்துவைத்த துருப்பிடிக்காத எஃகு உறை. சரியான அளவைத் தேர்ந்து, உள்ளே கிளாஸ் அயனோமர் சிமென்ட் நிரப்பி, பல்மேல் அழுத்திவிடுவது. பெற்றோர் தயங்குவது நிறத்துக்காக. வாயைத் திறந்தால் வெள்ளி தெரியும் என்பது உண்மை. பள்ளியில் கிண்டல் செய்வார்களோ என்ற கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. கீழ்க் கடைவாய்ப்பல் என்றால் சிரிக்கும்போது கொஞ்சம் தெரியும். மேல் கடைவாய்ப்பல் பெரும்பாலும் தெரியாது.

எச்சில் என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால் இதற்கு இணையில்லை. அடைப்பில் பல்லுக்கும் பொருளுக்கும் நடுவே ஓடும் நீண்ட விளிம்பு முழுவதும் ஒட்டுப்பிடிப்பை நம்பி நிற்கிறது. அந்த விளிம்பின் மிகப் பலவீனமான இடம் இரண்டு பற்களின் இடுக்கில். கேப் அந்த விளிம்பைப் பல்லைச் சுற்றி ஈறோரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. பிடிப்பும் சிமென்ட்டை மட்டும் நம்பியிருப்பதில்லை. பால் கடைவாய்ப்பல்லின் கழுத்தருகே இருக்கும் புடைப்பில் எஃகு கவ்விக்கொள்கிறது. சிமென்ட் நிரம்பிய கேப்பை அழுத்தும்போது ஓரத்தில் கொஞ்சம் எச்சில் இருந்தாலும் வழியும் சிமென்ட் அதையும் வெளியே தள்ளிவிடும். உலர்வு கேட்பது ஓரிரு நிமிடம்.

ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் இதை இன்னும் எளிதாக்கினார். ஊசி இல்லை, குடைவது இல்லை, சொத்தையைச் சுரண்டுவதும் இல்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் நடுவில் சிறு ரப்பர் வளையத்தை மூன்று முதல் ஐந்து நாள் வைத்து இடம் உண்டாக்கி, சொத்தையின் மேலேயே கேப்பைப் போட்டு, குழந்தையைக் கடிக்கச் சொல்வது. உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு உணவு வராததால் சொத்தை நின்றுவிடுகிறது. முதலில் கேட்டபோது நம்ப முடியாத யோசனையாகத்தான் பலருக்கும் இருந்தது. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் 132 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஒரே குழந்தையின் ஒரு பல்லுக்கு ஹால் முறைக் கேப்பும் இன்னொரு பல்லுக்கு வழக்கமான அடைப்பும் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுப் பின்தொடர்வில், நரம்பு கெடுவது, சீழ் வைப்பது போன்ற பெரிய தோல்விகள் கேப் போட்ட பற்களில் 3 சதவீதம், அடைத்த பற்களில் 16.5 சதவீதம். அடைப்பு விழுவது, தேய்வது, மறுபடி சொத்தை வருவது போன்ற சிறு தோல்விகள் 5 சதவீதமும் 42 சதவீதமும்.

இந்த எண்களை நியாயமாகப் படிக்க வேண்டும். அங்கே வழக்கமான அடைப்புகளில் பெரும்பாலானவை கிளாஸ் அயனோமர். ரப்பர் டேம் போட்டுக் கவனமாகச் செய்த கம்போசிட்டோடு நடந்த போட்டி அது இல்லை. ஆனால் நம் ஊர்க் கிளினிக்குகளிலும் ரப்பர் டேம் போடாமல் அடைப்பதே அதிகம் என்பதால், அந்த ஒப்பீடு நமக்கு நெருக்கமானதுதான்.

சில இடங்களில் கேப்பை இப்படிப் போடக் கூடாது. இரவில் தானாக வலித்தால், ஈறில் கொப்புளம் இருந்தால், எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே தெளிவான டென்டின் தெரியாவிட்டால், முதலில் நரம்புக்கான சிகிச்சை வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் எஃகு ஆகாது. ஹால் முறையில் போட்டவுடன் கடி சற்று உயர்ந்திருக்கும். முதல் நாள் குழந்தை "பல் முட்டுகிறது" என்று சொல்லும். சில வாரங்களில் தானாகச் சமன்படும்.

வெள்ளை நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு சிர்கோனியா என்ற வெண்பீங்கான் கேப் இருக்கிறது. பல்லை அதிகம் சீவ வேண்டும், செலவு மிக அதிகம். எச்சில் பிரச்சினை இங்கே வேறு வடிவில் திரும்பி வருகிறது. அளவு பார்க்க வாயில் வைத்து எடுக்கும்போது எச்சிலின் பாஸ்பேட் சிர்கோனியாவின் உட்புறத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் பிடிப்பதை அது குறைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம்செய்தால் பாஸ்பேட் இன்னும் கூடும். அதற்கென்றே உள்ள சுத்திகரிப்புப் பசை வேண்டும், அல்லது அளவு பார்க்கத் தனிக் கேப் வைத்திருக்க வேண்டும். இதை அறிந்து செய்கிறவரிடம் மட்டும் போங்கள்.

எதற்கும் வாயைத் திறக்காத இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு 38 சதவீத வெள்ளி டயமின் ஃபுளோரைடு திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தி வைக்கலாம். சொத்தை கருப்பாகும், குழி குழியாகவே இருக்கும். ஆனால் குழந்தை வளர்ந்து நாற்காலியில் அமரும் வரை காலம் கிடைக்கும். ஒரு நிமிட உலர்வு போதும் என்பதால் மிகச் சிறிய குழந்தைக்கு இது பெரிய உதவி.

நாலரை வயதுக் குழந்தைக்கு எதை?

தொடக்கத்தில் சொன்ன குழந்தைக்கு, இரண்டு பற்களுக்கும் ஸ்டீல் கேப் என்பதே என் தேர்வு. பக்கத்துப் பக்கத்துப் பற்கள் என்பதால் ஒன்றை இன்று, மற்றதைச் சில வாரம் கழித்து என்று பிரித்துப் போடலாம். ரப்பர் டேமைப் பழக்கமாகப் போடும் டாக்டரும், மூக்கால் நன்றாக மூச்சுவிட்டு அரை மணி நேரம் படுத்திருக்கும் குழந்தையும் சேர்ந்து அமைந்தால், சொத்தையும் சிறியதாக இருந்தால், கம்போசிட்டுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். அதே சொத்தை மெல்லும் தளத்தில் மட்டும் இருந்திருந்தால், கேப் பற்றியே பேசாமல் கிளாஸ் அயனோமர் வைத்திருப்பேன். பல பற்களில் சொத்தை இருந்து முழு மயக்கம் கொடுத்துச் செய்ய நேர்ந்தால் உலர்வு எளிது. ஆனால் மறுபடி மயக்கம் கொடுக்க நேரக் கூடாது என்பதற்காகவே அங்கும் கடைவாய்ப்பற்களுக்குக் கேப்பையே விரும்புகிறேன்.

முடிவு எதுவானாலும் கிளினிக்கில் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எச்சில் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்பது முதலாவது. நடுவில் எச்சில் பட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது இரண்டாவது. "அந்தப் படியைத் திரும்பச் செய்வோம், முடியாவிட்டால் இன்று தற்காலிகச் சிமென்ட் வைத்து இன்னொரு நாள் அழைப்போம்" என்பதே கேட்க விரும்பும் பதில். இன்னொரு நாள் வரச் சொல்லும் டாக்டரிடம் கோபப்படாதீர்கள். அவர் உங்கள் குழந்தையின் பல்லுக்காகவே அதைச் சொல்கிறார். காலையில், தூக்கம் தெளிந்து, வயிறு நிறைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சளி இல்லாத நாளில் அழைத்து வாருங்கள்.

ஆறு வயதை ஒட்டி, அந்த இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். பாதி முளைத்த நிலையில் ஈறுமடல் மூடிக்கொண்டு எச்சிலில் முழுகியே இருக்கும். ஆழமான வரிகள் உள்ள அந்தப் பல்லுக்குப் பிசின் வகை சீலன்ட் (வரிகளை மூடும் பூச்சு) அப்போது பிடிக்காது. முளைக்கும்வரை கிளாஸ் அயனோமரை அந்த வரிகளில் தேய்த்து வைத்து, முழுதாக வெளியே வந்து உலர வைக்க முடிகிற காலத்தில் பிசின் சீலன்ட் போட்டுக்கொள்ளலாம். கேப்பைப் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும்போதே அந்தப் பல் எட்டிப்பார்க்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.